காயக் கணக்கும் ஆட்டக் கணக்கும்

தை மூன்றாம் தேதி சாயங்காலமானால் காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரத்து நிருபர்கள் போய் நிற்கும் இடம் அரசு ஆஸ்பத்திரி. சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டு முடிந்திருக்கும். எத்தனை பேருக்குக் காயம், எத்தனை பேரை மதுரைக்கு அனுப்பினார்கள், உயிர்ச்சேதம் உண்டா என்று நர்ஸிடமும் பந்தோபஸ்துக்கு நிற்கும் ஏட்டையாவிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டு, போன் செய்ய ஓடுவோம். மறுநாள் பேப்பரில் தலைப்பு அந்தக் காயக் கணக்காகத்தான் இருக்கும். எந்த மாடு நின்று விளையாடியது, எதை யார் அணைந்தார், அதாவது தழுவிப் பிடித்தார், எது கடைசிவரை பிடிபடாமல் கண்மாய்க் கரை ஏறிப் போனது என்பதெல்லாம் டீக்கடைகளில் மாசி வரைக்கும் ஓடும் பேச்சு. பேப்பரில் அதில் ஒரு வரி இருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செட்டிநாட்டின் மிகப் பெரிய விளையாட்டை விளையாட்டுச் செய்தியாக எழுதியவர்கள் மிகக் குறைவு. விபத்துச் செய்தியாகவும் சட்டம் ஒழுங்குச் செய்தியாகவும்தான் அது அச்சேறியது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்புக்குக் காரைக்குடி பகுதி நேர நிருபராகச் சேர்ந்தேன். 1985இல் ராமநாதபுரத்தைப் பிரித்துச் சிவகங்கையைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் வந்திருந்த சமயம். புது மாவட்டத்துக்கென்று பேப்பரில் இடம் ஒதுக்கினார்கள். அதை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று மணியார்டர் வரும். விளையாட்டு நிருபர் என்றொரு பதவி வெளியூரில் கிடையவே கிடையாது. கொப்புடையம்மன் கோயில் தேர், கம்பன் விழா, நகராட்சிக் கூட்டத்தில் வெளிநடப்பு, கிணற்றில் விழுந்த பசுவைத் தீயணைப்புப் படை மீட்டது எல்லாமே ஒரே ஆள் எழுத வேண்டியதுதான். கல்லூரியில் கபடி ஆடியவன் என்பதால் எனக்கு மைதானத்துப் பக்கம் கால் இழுக்கும், அவ்வளவுதான்.

செய்தி போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இப்போது வாட்ஸப்பில் அனுப்பும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கையால் எழுதிய தாளையும் பிலிம் ரோலையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, பழைய பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். மதுரையில் ஆபீஸ் பையன் பஸ்ஸுக்காகக் காத்திருந்து வாங்கிப் போவான். கண்டக்டர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏதாவது செய்யாமல் இருக்க முடியாது. இருட்டியபின் நடந்தது எதுவும் கவரில் போகாது. டிரங்கால் போட்டு, மறுமுனையில் தலைக்கு மேல் வேலை வைத்திருக்கும் உதவி ஆசிரியரிடம் கத்திச் சொல்ல வேண்டும். கண்டிப்பட்டி என்று நான் சொன்னால் அங்கே கண்டனூர் என்று கேட்கும். ஒன்று மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன ஊர், இன்னொன்று நகரத்தார் ஊர். மறுநாள் காலையில் இரண்டு ஊர்க்காரர்களும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது பெயர் எழுதுவதை. அதிலும் இனிஷியல். ராத்திரியில் ட்யூப்லைட் கட்டி, களிமண் தரையில் தண்ணீர் தெளித்து இறுக்கி நடத்தும் கபடிப் போட்டிகள் இந்தப் பக்கம் ஆடி, ஆவணியில் ஊருக்கு ஊர் உண்டு. அதற்குப் பேப்பரில் நாலு வரிதான் கிடைக்கும். அந்த நாலு வரியில் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு பையனின் பெயர் வந்தால், அவன் பேப்பரை வெட்டி ஒரு பைலில் ஒட்டிக்கொள்வான். போலீஸ் வேலைக்கும் ரயில்வேக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் போகச் சான்றிதழ்தான் செல்லும், கட்டிங் செல்லாது. அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் சேரப் போகும்போது அந்த பைலையும் எடுத்துக்கொண்டுதான் போவான். இனிஷியல் மாறியிருந்தால் அது அவன் பெயரே இல்லை. "சார், எஸ் இல்ல சார், கே. அப்பா பேரு கருப்பையா" என்று வீடு தேடி வந்து நிற்பார்கள். நான் மைதானத்திலேயே பையனைக் கூப்பிட்டு என் நோட்டில் அவனையே எழுதச் சொல்லும் வழக்கம் இதனால் வந்தது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. பாதிப் பேர் வெளியூரிலிருந்து கூலிக்கு வந்து உள்ளூர் அணியில் வேறு பெயரில் ஆடுகிறவர்கள். நோட்டை நீட்டினால் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பான். அவன் யோசிக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும்.

மாட்டு வண்டிப் பந்தயம் நிருபர்களுக்குப் பிரியமான செய்தி. காரணம், நான் முன்னால் சொன்ன சென்டிமீட்டர். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக முடிவுகள் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் நாலு இடம், ஊர்ப் பெயர், உரிமையாளர் பெயர். சப்-எடிட்டர் கை வைக்கவும் முடியாது, ஒரு பெயரை வெட்டினால் ஒரு ஊரே சண்டைக்கு வரும். ஆனால் அந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். வண்டியை ஓட்டிய சாரதியின் பெயர் அதில் பெரும்பாலும் இருக்காது. ஓடிய மாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

விடிந்தும் விடியாமலும் தேவகோட்டை ரோட்டில் ஒரு பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டம் எங்கே இருக்கிறது என்று. வண்டியில் பாரம் என்று ஒன்றும் இருக்காது. சக்கரமும் ஏர்க்காலும் நாலு குச்சியும்தான். சாரதி பாதி குந்தியும் பாதி நின்றும் வருவான். துணைச் சாரதி ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, மாட்டோடு கூட ஓடி, திரும்ப எட்டி ஏறிக்கொள்வான். எல்லையில் வண்டியைத் திருப்புகிற இடத்தில்தான் பந்தயம் தீர்மானமாகும். நேர் ரோட்டில் மூன்றாவதாக வந்த வண்டி திருப்பத்தில் உள்பக்க மாட்டை நிறுத்தி, வெளிப்பக்க மாட்டை விட்டு, ஒரே மூச்சில் முதலாவதாகக் கிளம்பும். திருப்பிக்கொண்டு முதலில் வருகிற வண்டிக்குக் கொடி கொடுப்பார்கள். கூட்டமெல்லாம் புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் நெரியும். நான் சைக்கிளில் முன்னதாகவே எல்லைக்குப் போய்விடுவேன். சாரதிகளின் பெயரைச் செய்தியில் சேர்க்க ஆரம்பித்தபோது உரிமையாளர் ஒருவர் வந்தார். "ஏம்ப்பு, மாடு வாங்குனது நானு, தீனி போட்டது நானு, அவன் பேரு எதுக்கு?" என்றார். "ஓட்டுனது அவருதானேண்ணே" என்றேன். கோபமாகப் போனவர் அடுத்த பந்தயத்தில் தன் சாரதியைத் தானே கூட்டிக்கொண்டு வந்து, "இவன் பேரையும் போட்டுக்க" என்றார். போட்டோவும் கேட்டார், அது வேறு கதை.

இதெல்லாம் மாவட்டப் பக்கத்துச் சமாசாரம். விளையாட்டுப் பக்கம் என்று தனியே ஒன்று இருந்தது. அது சென்னையிலிருந்தும் செய்தி நிறுவனங்களிடமிருந்தும் நிரம்பி வரும். அதில் பெரும்பங்கு கிரிக்கெட். நான் கிரிக்கெட்டுக்கு எதிரி அல்ல. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் டையில் முடிந்த அன்று வேலையை விட்டுவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவன்தான். அந்தச் சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் பெயரே எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர். எம்.ஏ. சிதம்பரம் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பம், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். அவர் மகன் ஏ.சி. முத்தையா 1999இலிருந்து 2001 வரை அதே பதவியில் இருந்தார். அந்த மைதானத்தின் கதையை எழுதியவரும் இங்கே பிறந்தவர்தான். பள்ளத்தூரில் 1930இல் பிறந்த எஸ். முத்தையா அமெரிக்காவில் படித்து, கொழும்பில் டைம்ஸ் ஆஃப் சிலோன் பத்திரிகையில் வேலை பார்த்து, பிறகு சென்னைக்கு வந்து, 1991இல் மெட்ராஸ் மியூசிங்ஸ் தொடங்கியவர். சென்னை கிரிக்கெட் கிளப்பின் 150 ஆண்டுகளை 'தி ஸ்பிரிட் ஆஃப் செப்பாக்' என்று புத்தகமாக்கினார். அதை எழுத அவருக்குப் பழைய ஸ்கோர் புத்தகங்களும் கிளப் ஆவணங்களும் இருந்தன. கிரிக்கெட்டுக்கு வரலாறு எழுதலாம், ஏனென்றால் ஆடிய அன்றைக்கே யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். சிராவயலுக்கு அப்படி எழுத உட்கார்ந்தால் கையில் என்ன இருக்கும்? ஆஸ்பத்திரிப் பதிவேடு இருக்கும்.

இந்த இடத்தில் ஹென்றி சாட்விக் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளரைச் சொல்லாமல் முடியாது. அவரைப் பற்றிப் படித்தபோதுதான் நான் செய்யவேண்டிய வேலை எனக்குப் பிடிபட்டது. 1824இல் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்தில் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு புரூக்ளினுக்குக் குடியேறியவர். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். 1850களில் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்து அதன் மேல் மனது போயிற்று. அப்போது பேஸ்பால் என்பது அங்கே பையன்களும் குமாஸ்தாக்களும் சாயங்காலத்தில் ஆடுகிற ஆட்டம். யார் ஜெயித்தார்கள் என்பதற்கு மேல் பேப்பரில் விவரம் இருக்காது. சாட்விக் கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டக்காரரின் பெயருக்கும் நேரே அவர் அன்று என்ன செய்தார் என்பதைச் சின்னக் கட்டங்களில் போடும் பாக்ஸ் ஸ்கோரை உருவாக்கினார். 1859இல் அது அச்சானது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறவன், ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே, நேற்று யார் எப்படி ஆடினார் என்று காலைக் காப்பியோடு படிக்க முடிந்தது. ஒருவரின் இந்த ஆண்டு ஆட்டத்தைப் போன ஆண்டோடு ஒப்பிட முடிந்தது. சாட்விக் 1908இல் இறந்தார். முப்பது ஆண்டு கழித்து 1938இல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். மட்டை பிடித்துப் பேரெடுத்தவர்களோடு சேர்த்து நோட்டுப் பிடித்தவருக்கும் ஒரு இடம். ரெட் ஸ்மித் 1976இல் புலிட்சர் வாங்கியதும், ரோஜர் ஏஞ்சல் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து பேஸ்பாலைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியதும் இந்தக் கட்டங்களின் மேல் நின்றுகொண்டுதான் என்பது என் அபிப்பிராயம். கணக்கு முதலில் வரவேண்டும். அழகாக எழுதுகிறவர்கள் பிறகு வருவார்கள்.

மஞ்சுவிரட்டுக்கு அப்படிக் கணக்குப் போட முடியுமா? சுலபமில்லை. அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டில் வாடிவாசல் வழியாக ஒவ்வொரு மாடாக வரும். திமிலைப் பிடித்தவன் எல்லைவரை விடாமல் போனானா என்று ஒரு கண்ணுக்குத் தெரியும். சிராவயலில் அப்படி இல்லை. நாட்டார்கள் மேளதாளத்தோடு ஜவுளி எடுத்து வந்து தொழுவத்து மாடுகளுக்கு மரியாதை செய்வார்கள். கோயில் மாடு முதலில் போகும். அதன் பிறகு தொழுவிலிருந்தும் மாடுகள் வரும். ஆனால் அதற்கு முன்னாலேயே பொட்டலிலும் வயல்களிலும் கட்டுமாடுகளை அங்கங்கே அவிழ்த்து விட்டிருப்பார்கள். நாம் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது மேற்கே ஒரு செவலை நாலு பேரைச் சுற்றிவிட்டுப் போயிருக்கும். சிங்கம்புணரிப் பக்கத்து அரளிப்பாறையில் மாசி மகத்தன்று நடக்கும் மஞ்சுவிரட்டுக்கு மட்டும் இயற்கையே கேலரி கட்டிக் கொடுத்திருக்கிறது; ஜனங்கள் பாறை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நானும் பாறைக்கு ஏறிவிடுவேன். மேலேயிருந்து பார்த்தால்தான் மாட்டின் வழி தெரியும். கீழே இருப்பவனுக்குப் புழுதிதான்.

நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன். மாட்டின் நிறம், கொம்பின் வாகு, ஊர், எந்தத் திசையில் விட்டார்கள், நின்று விளையாடியதா பாய்ந்து போனதா, யார் அணைந்தார், எங்கே விட்டார். காரி, மயிலை, செவலை, மறை என்று நிறத்தை எழுதுவது ஒன்றும் பெரிதில்லை. நின்று விளையாடுகிற மாட்டை எழுதுவதுதான் கஷ்டம். புலிக்குளம் மாடு அதில் கெட்டி. சிவகங்கைச் சீமையில் மானாமதுரைப் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய இனம். கிடை போட்டு மேய்க்கிற மாடு. திமிலும் கழுத்தும் இறுகி, குட்டையான காலோடு இருக்கும். நல்ல மாடு ஓடாது. ஒரு இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். முன்னங்காலால் மண்ணைப் பறித்து, தலையைத் தாழ்த்தி, காதை மட்டும் திருப்பும். சுற்றி நாற்பது பேர் நின்றாலும் அதற்குத் தெரியும், இதில் யார் நிஜமாக வரப்போகிறான், யார் சத்தம் மட்டும் போடுகிறான் என்று. வருகிறவன் பக்கம்தான் காது திரும்பும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கண்டிப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். இளம் வயதில் மாடணைந்தவர், தொடையில் கொம்புத் தழும்பு உண்டு. "காதப் பாரு தம்பி. கொம்பப் பாத்தா நீ பயந்துருவ. காதப் பாத்தாத்தான் அது என்ன நெனைக்கிதுன்னு தெரியும்" என்பார். அவர் பக்கத்தில் நின்று பார்க்கிற நாட்களில், மாடு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே "இப்பத் திரும்பும்" என்பார். திரும்பும்.

நான் பார்த்ததும் பாதிதான். மீதியைச் சாயங்காலம் டீக்கடையில் சேர்க்க வேண்டும். அங்கே பெரிய நீதிமன்றமே நடக்கும். ஒருவர் இன்ன ஊர் மாடு பிடிபட்டது என்பார். அந்த ஊர்க்காரர், தொட்டான், பிடிக்கவில்லை என்பார். தொட்டதற்கும் பிடித்ததற்கும் நடுவில் எத்தனை சாட்சிகள்! கடைசியில் எதிர்க்கட்சிக்காரனே ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. நான் அதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன்: ஒரு மாடு பிடிபடவில்லை என்று அதன் சொந்தக்காரர் சொன்னால் எழுதமாட்டேன், பிடிக்கப் போய்த் தோற்றவன் சொன்னால் எழுதுவேன். மைக்கில் அண்டாவும் கட்டிலும் சைக்கிளும் அறிவிக்கிறவரின் வார்த்தையை மட்டும் நம்பக்கூடாது. அவருக்கு எல்லா மாடும் சிங்கம்தான்.

எழுதி அனுப்பினால் அச்சாகுமா என்றால், ஆகாது. மதுரை ஆபீஸில் ஒருவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, மாடு எந்த நிறமா இருந்தா நமக்கென்ன? செத்தவங்க எத்தனை பேர், அதச் சொல்லுங்க." அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவு.

ஒரே ஒரு விதத்தில்தான் மாடு அச்சேறியது, அது செத்த பிறகு. இந்தப் பக்கத்தில் பேர் வாங்கிய மஞ்சுவிரட்டு மாடோ கோயில் மாடோ இறந்தால் ஊர் கூடி, வேட்டி துண்டு போர்த்தி, மாலை போட்டு, ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அப்படி ஒரு காரிக்காளை இறந்தபோது வழக்கமான நாலு வரியை விட்டுவிட்டு, அது எந்தெந்தப் பொட்டலில் எந்தெந்த ஆண்டு எப்படி நின்றது என்று எழுத உட்கார்ந்தேன். வளர்த்த வீட்டு ஆத்தா சுவரிலிருந்த போட்டோக்களைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் எழுதவில்லை. "மூத்த பேத்தி வயசுக்கு வந்த வருசம் சிராவயல்ல நின்னுச்சு. சின்னவன் சிங்கப்பூரு போன வருசம் கண்டிப்பட்டியில" என்று அவர் கணக்குச் சொன்னார். பரிசாக வந்த அண்டாக்களில் சிலவற்றில் மட்டும் ஊரும் வருடமும் வெட்டியிருந்தது. பேத்தியின் பள்ளிச் சான்றிதழையும் அண்டாவையும் மகனின் பாஸ்போர்ட்டையும் வைத்து ஒரு மாட்டின் விளையாட்டு வாழ்க்கையை வரிசைப்படுத்தினோம். அந்தச் செய்தி கட்டம் கட்டி வந்தது. அதற்கு வந்த கடிதங்கள் மாதிரி நான் எழுதிய எந்த அரசியல் செய்திக்கும் வந்ததில்லை. இரண்டு கடிதங்கள் மலேசியாவிலிருந்து.

விளையாட்டுச் செய்தியாக எழுதவேண்டும் என்று நான் அடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதுதான் பெரிய காரணம். மஞ்சுவிரட்டில் செத்தவர்கள் பற்றி நான் எழுதிய செய்திகளை எடுத்துப் பார்த்தால், மாடு பிடிக்கப் போனவனைவிட வேடிக்கை பார்க்க வந்தவன்தான் அதிகம். மாடு பிடிக்கிறவனுக்குக் கால் தெரியும், ஒதுங்கத் தெரியும். ரோட்டோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தவனும், வரப்பில் குழந்தையைத் தோளில் வைத்து நின்றவனும்தான் அடிபட்டான். கட்டுமாட்டை எந்தத் திசையில் அவிழ்த்தார்கள், அது வெளியேறும் வழியில் கூட்டம் எப்படி வந்து அடைத்தது என்பதை எழுதியிருந்தால் அடுத்த ஆண்டு அந்த வழியை விட்டுக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருக்கலாம். 'மாடு முட்டி ஒருவர் பலி' என்ற வரி மாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றுவிடும். கிரிக்கெட்டில் ஒருவன் அவுட்டானால் பந்து எங்கே விழுந்தது என்று எழுதாமல் விடுவோமா?

2009இல் தமிழக அரசு, மஞ்சுவிரட்டையும் சேர்த்து, ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது. தடுப்பு வேலி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் காகிதத்துக்கு வந்தன. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு நடந்த காலத்தில் எங்கள் மாதிரி ஆட்களைத் தேடி இரண்டு தரப்பிலிருந்தும் வந்தார்கள். மாடு வேண்டாம் என்றவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் ஆண்டு வாரியாகக் கட்டிங் இருந்தது. காயக் கணக்கு அப்படியே கோவையாக இருந்தது. வேண்டும் என்றவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. இது பழமை, இது வீரம், இது எங்கள் பண்பாடு என்று அவர்கள் பேசினார்கள்; எல்லாம் நிஜம்தான். ஆனால் இன்ன மாடு இத்தனை ஆண்டு ஆடி, காயம் படாமல், வயதாகி வீட்டில் செத்தது என்று பத்து மாட்டுக்குத் தேதியோடு காட்ட முடியவில்லை. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினாவில் பிள்ளைகள் கூடினார்கள், சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆட்டம் பிழைத்தது. ஆவணத்தின் பலத்தால் பிழைத்ததாக நான் நினைக்கவில்லை. கூட்டத்தின் பலத்தால் பிழைத்தது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வாடிவாசல் ஊர்களில் வீரர்களுக்கு எண் போட்ட பனியன், சுற்றுக்குச் சுற்று கணக்கு, யார் எத்தனை காளை பிடித்தார் என்று டி.வி.யில் ஓடும் பட்டியல். முதலிடம் வந்தவருக்குக் கார். சாட்விக் இருந்தால் சந்தோஷப்படுவார். வடமாடு மஞ்சுவிரட்டு சிவகங்கை மாவட்டத்தில் பெருகியதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது: நீண்ட வடத்தில் கட்டிய ஒரு மாடு, எதிரே ஒன்பது பேர் கொண்ட குழு, குறித்த நேரம். மணி அடித்தால் ஜெயித்தது யார் என்று குழந்தைக்கும் தெரியும், பேப்பருக்கும் சௌகரியம். ஆனால் கேமராவுக்கு வசதியான ஆட்டம் வாழும், வசதியில்லாத ஆட்டம் தேயும் என்று ஆகிவிடக்கூடாது. சிராவயல், அரளிப்பாறை மாதிரித் திறந்த பொட்டல் ஆட்டம் எண்ணுக்கு அடங்காதது. அதை எண்ணுகிறவன் அங்கேயே கால் கடுக்க நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

ஆவணம் சேர்ப்பதற்கு இந்தப் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உண்டாயிற்று. இன்று தமிழ் நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த நோட்டீஸ்களைத்தான் தேடிப் போகிறார்கள். மஞ்சுவிரட்டு நோட்டீஸும் அதே பிங்க் தாள், அதே பிரஸ்.

ஆகவே இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் மஞ்சுவிரட்டு, வண்டிப் பந்தய நோட்டீஸ் இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். மாட்டின் போட்டோ சுவரில் இருந்தால் கழற்றி, பின்னால் வருடம், ஊர், மாட்டின் நிறம், ஓட்டியவர் அல்லது வளர்த்தவர் பெயர் நாலையும் பேனாவால் எழுதி மாட்டுங்கள். பரிசு அண்டாவைப் பாத்திரக்கடையில் மாற்றுவதானால், அதில் வெட்டியிருக்கும் எழுத்தை முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கிறபோதே கேட்டு எழுதிவிடுங்கள். நிருபர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: தை மூன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்தக் கணக்கும் வேண்டும். ஆனால் காலையிலேயே பொட்டலுக்கு வந்துவிடுங்கள். வெயிலுக்குத் தொப்பியும், கோடு போட்ட நோட்டும் இருந்தால் போதும்.